கேளுங்க, சொல்றேன்: கட்டில்ல படுத்துப் பாத்தாத்தான் தெரியும்

போன மாசம் இந்தப் பக்கத்துல நர்சிங் கிளாஸ்ல ரோல் ப்ளே வச்சுப் படிச்சுக் குடுக்கிறதப் பத்தி நாலு வரிதான் எழுதினேன், ஒருத்தி நோயாளியா வேஷம் கட்டணும் ஒருத்தி நர்ஸா வேஷம் கட்டணும் அப்படிப் படிச்சா மண்டையில நிக்கும்னு. அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும் பாத்துட்டு எடிட்டர் தம்பி, மூட்டு வலிக்குக்கூட இவ்வளவு வந்ததில்ல டீச்சர்னு சொல்றார். அதனால இந்த மாசம் முழுக்க அதுதான். பிரசரும் சீனியும் கேட்டவங்க கோவிக்காதீங்க, அடுத்த மாசம் பாப்போம். பேர் போடாதீங்கன்னு நெறைய பேர் கேட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: டீச்சர், நான் நர்சிங் ரெண்டாம் வருஷம். எங்க மிஸ் கிளாஸ்ல ரோல் ப்ளே செய்யச் சொன்னாலே எனக்குக் கை கால் நடுங்குது. எல்லாரும் சிரிக்கிறாங்க. நாடகம் நடிக்கவா நாங்க வந்தோம்? எப்படியும் ஆறு மாசத்துல வார்ட்ல நிஜ நோயாளியப் பாக்கத்தானே போறோம்? (மாணவி, பதுளை)

பதில்: புள்ள, நடுங்குறது நல்லதுதான், வார்ட்ல நடுங்குறதுக்கு கிளாஸ்ல நடுங்குறது எவ்வளவோ மேல். ஆனா நீ ஒண்ணத் தப்பா வெளங்கிட்டு இருக்க. நீ பயப்படுறது நர்ஸ் வேஷத்துக்கு. அதுலயும் படிப்பு இருக்குதான், இல்லன்னு சொல்லல. இருபது வருஷத்துக்கு மேல படிச்சுக் குடுத்த எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நெறையப் படிக்கிறவ நோயாளி வேஷம் போட்டு சும்மா படுத்துக் கெடக்கிறவதான்.

ஒரு கதை சொல்றேன். ஒரு தடவ கிளாஸ் கோடியில ஒரு கட்டிலப் போட்டு, ஒரு புள்ளையப் படுக்க வச்சு, கையில ஒரு அட்டையக் குடுத்தேன். அறுபத்திரெண்டு வயசு அம்மாயி, கொழுந்து எடுத்த ஆள், சீனி வருத்தம், கால் பெருவிரல் அழுகி நாளைக்கு எடுக்கப் போறாங்க, ஆனா அம்மாயிக்கு வெரலப் பத்திக் கவலையில்ல, ஒப்பரேஷன் முடிஞ்சா ராத்திரியில கக்கூசுக்கு யார் கூட்டிட்டுப் போவாங்கன்னுதான் கவலை, அத யார்கிட்டயாவது கேக்கணும். அவ்வளவுதான் அட்டையில. அப்பறம் மூணு புள்ளைங்கள வார்ட் ரவுண்ட் மாதிரி அனுப்பினேன். மூணு பேரும் நல்லாப் படிக்கிற புள்ளைங்க. வந்தாங்க, நோய் விவரம் எழுதின டிக்கட்டப் பாத்தாங்க, சுகர் எவ்வளவு, டிரெஸ்ஸிங் எப்ப மாத்தினதுன்னு அவங்களுக்குள்ள இங்கிலீஷ்ல பேசினாங்க, ஒருத்தி போர்வைய வெலக்கிக் காலத் தொட்டுப் பாத்தா, "அம்மா நல்லா இருக்கீங்களா"ன்னு ஒரு வார்த்த, போய்ட்டாங்க. நாலு நிமிசம்கூட ஆகல. நான் பாத்த வரைக்கும் அதுல பெரிய பிழை ஒண்ணும் இல்ல, மார்க்ஸ் போடச் சொன்னா எழுபது போட்டிருப்பேன்.

அப்பறம் படுத்திருந்தவகிட்ட கேட்டேன், என்ன பாத்தன்னு. அவ சொன்னா, "மிஸ், படுத்துக் கெடந்தா ஆளுங்களோட தாடைதான் தெரியுது. மூஞ்சி தெரியல. நான் மூணு தடவ வாயத் திறந்தேன், மூணு தடவயும் ஆரோ ஒராள் என்னமோ பேசிட்டு இருந்தாங்க. அவ தொட்டப்ப கை ஐஸ் மாதிரி இருந்துச்சு, சொல்லாம தொட்டதுல திடுக்குன்னு இருந்துச்சு." காலத் தொட்டவ அவளோட நெருங்கின கூட்டாளி. அவ மூஞ்சி செவந்துருச்சு, நான் அதக் கவனிக்கவே இல்ல மிஸ்னா.

அதுக்குப் பொறகு அந்த பெட்ச்ல யாருமே நோயாளியத் தொடுறதுக்கு முன்னால உள்ளங்கைய ரெண்டு தடவ தேய்க்காம தொட்டதில்ல. இந்தக் குளிர்ல அது எவ்வளவு பெரிய விசயம்னு நுவரெலியாவுல டிசம்பர்ல வார்ட்ல படுத்துக் கெடந்தவங்களக் கேளு. நான் அத போர்ட்ல எழுதிப் போட்டிருந்தா, கைய சூடாக்கிட்டுத் தொடவும்னு, நோட்ல எழுதிட்டு மறந்திருப்பாங்க.

நிஜ நோயாளியப் பாக்கத்தானே போறோம்னு கேட்ட இல்ல, அதுதான் காரணமே. நிஜ அம்மாயி தாடைதான் தெரியுதுன்னு ஒங்கிட்ட சொல்ல மாட்டா. "நல்லா இருக்கேன் மிஸ்ஸி"ன்னுதான் சொல்லுவா. சிரிக்கிறவங்களப் பத்தி யோசிக்காத, அடுத்த தடவ மிஸ்கிட்ட நீயே போய்க் கேளு, நான் நோயாளியா இருக்கேன்னு. பேசவே வேண்டியதில்ல, படுத்துக் கெட.

கேள்வி: நான் புதுசா டியூட்டரா வந்திருக்கேன். நாப்பது பேர் கிளாஸ், ஒரு மணித்தியாலம், பொம்மை கிம்மை ஒண்ணும் இல்ல. ரெண்டு தடவ ரோல் ப்ளே வச்சுப் பாத்தேன், ஒரே கூத்தாப் போச்சு, முன்னால ரெண்டு பேர் நடிச்சாங்க மத்தவங்க போன் நோண்டினாங்க. எப்படிச் செய்றது? (கண்டி)

பதில்: தங்கச்சி, முன்னால ரெண்டு பேர நிக்க வச்சு மிச்சம் முப்பத்தெட்டு பேரப் பாக்க வச்சா அது கூத்துதான், அதுல ஒங்க பிழை ஒண்ணுமில்ல, நானும் மொத மொத அப்படித்தான் செஞ்சேன். மூணு மூணு பேராப் பிரிங்க. ஒருத்தர் நோயாளி, ஒருத்தர் நர்ஸ், ஒருத்தர் பாத்துட்டு எழுதுறவர். நாப்பது பேர்ல பதிமூணு குரூப் வரும், ஒராள் மிஞ்சும், அந்த ஆள்கிட்ட மணியும் வோச்சும் குடுத்துருங்க. சத்தம் வரும்தான், வரட்டும், வார்ட்லயும் சத்தம்தான்.

நேரம் எப்படின்னா, பத்து நிமிசம் வெளக்கம், ஏழு நிமிசம் நடிப்பு, அப்பறம் இருபத்தஞ்சு நிமிசம் பேச்சு, மறுபடி ஆள் மாத்தி ஏழு நிமிசம், மிச்சம் முடிக்கிறதுக்கு. நடிப்ப விட பேச்சு மூணு மடங்குக்கு மேல இருக்கேன்னு பாக்காதீங்க, அதுலதான் சரக்கே இருக்கு. டீப்ரீஃபிங்னு பொஸ்தகத்துல போட்டிருப்பாங்க. நேரம் போயிருச்சுன்னு அத வெட்டிட்டு நடிப்ப மட்டும் வச்சா, தேயிலைய அரைச்சுட்டு காய வைக்காம விட்ட மாதிரி. டேவிட் கோல்ப்னு ஒருத்தர் 1984ல எழுதினத டிப்ளோமாவுல படிச்சிருப்பீங்க, செய்றது, திரும்பிப் பாக்கிறது, ஏன்னு யோசிக்கிறது, மறுபடி செஞ்சு பாக்கிறதுன்னு ஒரு வட்டம். முக்கால்வாசி கிளாஸ்ல மொத ரெண்டுலயே பெல் அடிச்சிரும். அதுக்காகத்தான் ரெண்டாவது ஏழு நிமிசத்த விடாதீங்கன்னு சொல்றேன், பிழைய உணர்ந்தவளுக்கு அதே எடத்துல அப்பவே திருத்திப் பாக்க ஒரு சான்ஸ் வேணும்.

பேச்ச எப்படி ஆரம்பிக்கிறதுன்னா, மொதல்ல நர்ஸா நடிச்சவ பேசணும். அவளுக்கே தெரியும் எங்க சறுக்கினான்னு, அவ வாயாலயே வந்துட்டா அவமானம் கெடையாது. அப்பறம் நோயாளி. எழுதுறவர் மூணாவது, அவரும் பாத்தத மட்டும் சொல்லணும், "நீ அன்பாவே பேசல"ன்னு சொல்லக் கூடாது, "நீ கேள்வி கேட்டுட்டு பதில் வர்றதுக்கு முன்னால அடுத்த கேள்வி கேட்ட, நாலு தடவ"ன்னு சொல்லணும். டியூட்டர் கடைசி. நமக்கு வாய் துருதுருன்னு இருக்கும், கடிச்சுக்கிட்டு இருக்கணும்.

இப்ப முக்கியமானது அட்டை. நர்ஸ் அட்டையும் நோயாளி அட்டையும் ஒண்ணா இருக்கவே கூடாது. நோயாளி அட்டையில ஒரு ரகசியம் வைங்க, அந்த ரகசியம் எப்ப வெளிய வரும்னும் எழுதுங்க. நான் வழக்கமா வைக்கிறது இது: "நீங்க பத்து நாளா மாத்திரை குடிக்கல. நர்ஸ் நின்னுக்கிட்டுக் கேட்டா, குடிக்கிறேன்னு சொல்லுங்க. பக்கத்துல உக்காந்து கேட்டா, சில நாள் விட்டுப் போகுதுன்னு சொல்லுங்க. ஏன் விட்டுப் போகுதுன்னு கோவமில்லாம கேட்டா மட்டும், முழுசா சொல்லுங்க." நர்ஸ் வேஷக்காரிக்கு இது ஒண்ணும் தெரியாது. பதிமூணு குரூப்ல ரெண்டோ மூணோ குரூப்லதான் உண்மை வெளிய வரும், மிச்ச எல்லாரும் ரெக்கோர்ட்ல "மருந்து ஒழுங்காக எடுக்கிறார்"னு எழுதியிருப்பாங்க. அட்டையத் திருப்பிக் காட்டுங்க, அப்பறம் அந்த அமைதியப் பாருங்க.

மத்தபடி நிறுத்துன்னு சொல்ற உரிமை எல்லாருக்கும் இருக்கணும், வெளையாட்டு ஆரம்பிக்க முன்னாலயே அதச் சொல்லிருங்க. முடிஞ்சதும் வேஷத்தக் கலைக்கணும், அவங்கவங்க சொந்தப் பேரச் சொல்லி எடம் மாறி உக்காரச் சொல்லுங்க. சின்ன வெசயமாத் தெரியும், ஆனா கோவக்கார மகனா நடிச்சவன் டீ குடிக்கும்போதும் அந்தக் கோவத்தோடயே திரியிறத நான் பாத்திருக்கேன்.

கேள்வி: நர்ஸ்மாருக்கு நாடகம் படிச்சுக் குடுக்கிற நேரத்துல தமிழ் படிச்சுக் குடுத்தா என்ன? எங்கம்மாவுக்கு என்ன செய்யுதுன்னு சொல்லத் தெரியாம மூணு நாள் வார்ட்ல ஊமையாக் கெடந்துச்சு. (தோட்டத் தொழிலாளி, ஹட்டன்)

பதில்: தம்பி, கோவம் நியாயமானது, நான் வக்காலத்து வாங்க மாட்டேன். தமிழும் அரசகரும மொழின்னு 1987ல சட்டத்துல வந்தாச்சு, வார்ட்ல கட்டில் பக்கத்துல அது எத்தன வருசமா வந்துட்டே இருக்குன்னு ஒங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். தமிழ் படிச்சுக் குடுக்கத்தான் வேணும். ஆனா அதுவும் இதுவும் வேற வேற இல்ல, இந்த நாடகத்த வச்சே அதச் செய்யலாம், நான் செஞ்சிருக்கேன்.

என்கிட்ட படிச்சதுல பாதிக்கு மேல சிங்களப் புள்ளைங்க. நல்ல மனசுக்காரப் புள்ளைங்க, ஆனா தமிழ் நோயாளின்னா "ரிதெனவத?"ன்னு ஒரு கேள்வி, தலைய ஆட்டினா வலி, ஆட்டாட்டி வலியில்ல, முடிஞ்சுது. ஒரு நாள் நான் திருப்பிப் போட்டேன். சிங்களப் புள்ளைய நோயாளியாப் படுக்க வச்சு, அட்டைய சிங்களத்துல குடுத்து, தமிழ்ப் புள்ளைங்கள நர்ஸ், டொக்டர், அட்டெண்டன் எல்லாமா நிக்க வச்சு ஒரு வார்த்த சிங்களம் பேசக் கூடாதுன்னுட்டேன். அட்டையில இருந்தது இதுதான், ஒங்களுக்கு பெனிசிலின் ஒத்துக்காது, போன தடவ ஊசி போட்டு மூச்சு முட்டிருச்சு, இத எப்படியாவது சொல்லணும். எங்க தமிழ்ப் புள்ளைங்க சிரிச்சுச் சிரிச்சு அன்பாத்தான் பேசுறாங்க, "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, ஒரு சின்ன ஊசிதான்"னு. படுத்திருந்தவளுக்கு ஊசின்ற சொல் மட்டும் எப்படியோ வெளங்கிருச்சு போல, கையப் பின்னால இழுத்துக்கிட்டா. நர்ஸா இருந்தவ அத "பயப்படுறாங்க"ன்னு எடுத்துக்கிட்டு முதுகத் தடவிக் குடுக்கிறா! மூணாவது நிமிசத்துல அந்தப் புள்ள நிறுத்துன்னு கத்திட்டு எழும்பி உக்காந்துட்டா. கண்ணு கலங்கியிருந்துச்சு. அவளாவே அன்னிக்கு அந்தில வந்து என்கிட்ட தமிழ்ல இருபது சொல் எழுதித் தாங்கன்னு கேட்டா.

அந்த இருபது சொல் எழுத உக்காந்தப்பதான் எனக்கே ஒண்ணு ஒறைச்சுது. யாழ்ப்பாணத்துல இருந்தோ கொழும்புல இருந்தோ வர்ற தமிழ் நர்ஸ்மாருக்கே நம்ம தோட்டத்துப் பேச்சு முழுசா வெளங்கிறதில்ல. "மேலு வலிக்குது"ன்னா மேல எங்கன்னு கேக்கிறாங்க, ஒடம்பு முழுக்கன்னு தெரியாது. "நெஞ்சு கரிக்குது"ன்னா ஹார்ட்டா வயிறான்னு கொழப்பம். "ரெண்டு நாளா அரைப் பேர்தான்"னு ஒரு அக்கா சொன்னா, ரெண்டு நாளா முழு வேலை செய்ய ஏலாம பாதிச் சம்பளத்தோட திரும்பி வந்திருக்கு, அதாவது நல்லாவே முடியல, அது நோயோட கணக்கு. பொஸ்தகத் தமிழ் தெரிஞ்சவளுக்கு அது சம்பளக் கதை. அதனால அட்டையில நான் இப்படிப் பேச்சத்தான் எழுதுவேன், தமிழ்ப் புள்ளைங்களுக்கும் சேத்து.

அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குன்னு எழுதலயே. அடுத்த தடவ கிளினிக் போறப்ப என்ன வருத்தம், எந்த மருந்து ஒத்துக்காதுன்னு ஒரு துண்டுல சிங்களத்துலயும் எழுதி கிளினிக் கொப்பிக்குள்ள வச்சு விடுங்க. தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் யாராவது எழுதித் தருவாங்க.

கேள்வி: என்னைய பிரசவ வேதனையில இருக்கிற பொம்பளையா நடிக்கச் சொன்னாங்க மிஸ். பசங்க இன்னும் கேலி பண்றானுங்க. (மாணவன், தலவாக்கலை)

பதில்: தம்பி, ஒங்க தோட்டத்துல மாசியில காமன் கூத்து நடக்குதா? ரதியா ஆடுறது யாரு? மீசைய எடுத்துட்டு சேலை கட்டிக்கிட்டு விரதமிருந்து ஆடுற அண்ணனப் பாத்து யாராவது சிரிக்கிறாங்களா, மதன் எரிஞ்சதும் ரதி ஒப்பாரி வைக்கிறப்ப கெழவிங்க எல்லாம் மூக்கச் சிந்துதுங்க. அதே ஊர்ப் பசங்கதான் நீங்களும். கேலி பண்றவனுக்கு அடுத்த முறை அந்த வேஷத்த வாங்கிக் குடுங்க.

கேள்வி: நான் 1970கள்ல நர்ஸா சேந்தவ. எங்களுக்கு ரோல் ப்ளேயும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, சிஸ்டர் திட்டத் திட்ட வார்ட்ல நின்னுதான் படிச்சோம், நாங்க மோசமான நர்ஸ்களா? இதெல்லாம் வெள்ளக்காரன் புதுசு புதுசா விடுற பேஷன். (ஓய்வுபெற்ற நர்ஸ், கம்பளை)

பதில்: அக்கா, ஒங்க காலத்து நர்ஸ்மார்கிட்ட படிச்சவதான் நான், அந்த வாயும் தெரியும் அந்தக் கைப்பக்குவமும் தெரியும். ஆனா புதுசு இல்லக்கா. அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்ட் ஹொஸ்பிட்டல்ல 1911லயே ஆள் உயரப் பொம்மைய வச்சு நர்ஸ்மாரப் பழக்கியிருக்காங்க, மிஸஸ் சேஸ்னு அதுக்குப் பேரு, பொம்மை செய்ற அம்மாவோட பேரையே வச்சுட்டாங்க. வேஷம் மாத்தி நடிச்சு மனசப் பாக்கிறது 1920கள்ல வியன்னாவுல ஜேக்கப் மொரேனோன்னு ஒரு டொக்டர் தொடங்கினது, நீ அவனா இரு அவன் நீயா இருக்கட்டும்னு எடத்த மாத்தி உக்கார வைக்கிறது அவரோட வேலைதான். 1963ல ஹோவர்ட் பரோஸ்னு நரம்பு டொக்டர் ஒருத்தர் நல்லா இருக்கிற ஒரு பொண்ணப் பழக்கி நோயாளியா நடிக்க வச்சு மாணவர்களச் சோதிச்சார், அப்ப மத்த டொக்டர்மார் ஒங்கள மாதிரியேதான் சிரிச்சாங்க. நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவுல இருக்கிற ஒறவுதான் நர்சிங்கோட நடு மையம்னு ஹில்டகார்ட் பெப்லாவ் எழுதினது 1952ல. அப்ப நீங்க பள்ளிக்கூடம்கூடப் போயிருக்க மாட்டீங்க.

ஆனா ஒரு வெசயத்துல ஒங்க பக்கம் நிக்கிறேன். கெனியுலா போடுறது, கதீட்டர் போடுறது, காயம் கட்டுறது, இதெல்லாம் நடிச்சுப் படிக்க ஏலாது, கை பழகணும், பக்கத்துல மூத்தவங்க நிக்கணும். இப்ப சில எடத்துல எல்லாத்துக்கும் ரோல் ப்ளேன்னு ஒரு வியாதி வந்திருக்கு, வார்ட்ல ஆளில்லாத கொறைய இத வச்சு மூடுறாங்களோன்னு எனக்கே சந்தேகம். பேசுறதுக்கும் கேக்குறதுக்கும் கெட்ட செய்தி சொல்றதுக்கும்தான் இது. அதயும் நீங்க வார்ட்ல நின்னே படிச்சீங்க, உண்மைதான், ஆனா படிச்சு முடிக்கிற வரைக்கும் எத்தன நோயாளி அந்தப் பிழைகளத் தாங்கியிருப்பாங்க, அதயும் யோசிச்சுப் பாருங்க. நான் யோசிச்சா ராத்திரி தூக்கம் வராது.

கேள்வி: ரோல் ப்ளேக்கு மார்க்ஸ் போடலாமா? (மாத்தளை)

பதில்: வேணாம். மார்க்ஸ்னு சொன்ன ஒடனே புள்ளைங்க ஒங்களுக்கு நடிப்பாங்க, நோயாளிய மறந்துருவாங்க. சோதிக்கணும்னா அதுக்குன்னு ஒஸ்கி பரீட்சை இருக்கு, எடம் எடமாப் போய் ஒவ்வொண்ணா செஞ்சு காட்டுற பரீட்சை, 1975ல ஸ்கொட்லாந்துல டண்டீயில ரொனால்ட் ஹார்டன் கொண்டு வந்தது, அத வேற நாள்ல வைங்க.

கேள்வி: எங்க ஹொஸ்பிட்டலுக்கு வருசா வருசம் குளவி கொட்டினவங்க கூட்டமா வர்றாங்க. போன தடவ டொக்டருக்கு போன் எடுத்தேன், பதட்டத்துல எல்லாத்தயும் சொன்னேன் முக்கியமானதச் சொல்லல. அவரு திட்டிட்டாரு. இதுக்கும் நடிச்சுப் பழகலாமா? (நர்ஸ், நோர்வூட் பக்கம்)

பதில்: பழகலாம், இதுக்குத்தான் சரியாப் பொருந்தும். ரெண்டு கதிரைய முதுகோட முதுகாப் போடுங்க, ஒருத்தி நர்ஸ், ஒருத்தி டொக்டர், மூஞ்சி பாக்கக் கூடாது, போன்ல மூஞ்சி தெரியாது இல்லியா. டொக்டரா இருக்கிறவ அட்டையில "இப்பத்தான் தூங்கினீங்க, எரிச்சல்ல இருக்கீங்க, நடுவுல ஒரு தடவ குறுக்க பேசுங்க"ன்னு எழுதி வைங்க.

சொல்றதுக்கு ஒரு வரிசை இருக்கு, எஸ்பார்னு சொல்லுவாங்க, அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து ஹொஸ்பிட்டலுக்கு வந்தது. இப்ப என்ன நடக்குது, முன்கதை என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேணும். நம்ம ஆளுங்க முன்கதையிலதான் தொடங்குவோம், அது நம்ம ரத்தத்துல இருக்கு. "டொக்டர், இன்னிக்குக் காலையில ஏழாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்துட்டு இருந்தாங்களாம், மரத்துல கூடு இருந்துச்சாம், கங்காணி கூடக் கவனிக்கலயாம்"னு போயிட்டே இருக்கும், அதுக்குள்ள அந்தப் பக்கம் பிரசர் விழுந்துட்டு இருக்கும். அத இப்படிப் புரட்டிப் போடணும்: "டொக்டர், குளவி கொட்டின நாப்பது வயசு அம்மா, மூச்சுத் திணறுது, ஒதடு வீங்கியிருக்கு, பிரசர் எண்பதுக்கு அம்பது. அரை மணித்தியாலத்துக்கு முன்னால கொட்டினது. அனாஃபிலாக்ஸிஸ்னு நினைக்கிறேன். அட்ரினலின் அரை மில்லி தொடையில போட்டாச்சு, நீங்க ஒடனே வரணும்." இருபது செக்கன் ஆகாது. அனாஃபிலாக்ஸிஸ்னா ஒத்துக்காத ஒண்ணால ஒடம்பு முழுக்கப் பாதிச்சு உசிருக்கே ஆபத்தாகுறது.

எண்ணிப் பழகுங்க, மணி அடிக்கிற ஆள் முப்பது செக்கன்ல அடிக்கட்டும். அதோட அந்த நாடகத்துல நோயாளியா இருக்கிறவளுக்கு ஒரு வேல குடுங்க, அவ எழும்பி உக்காரப் பாக்கணும், கக்கூசுக்குப் போகணும்னு அடம் புடிக்கணும். ஏன்னா நிஜத்துலயும் அப்படித்தான் செய்வாங்க, பிரசர் விழுந்த ஆள் சட்டுன்னு எழும்பினா அங்கேயே முடிஞ்சுரும், படுக்க வச்சு காலத் தூக்கி வைக்கணும். அஞ்சு நிமிசத்துல சொகம் இல்லாட்டி அட்ரினலின் மறுபடி போடணும். போனையும் பாக்கணும் கட்டிலையும் பாக்கணும், அதுதான் பாடம். அந்த டொக்டர் திட்டினத விடுங்க, அவரையும் ஒரு நாள் வந்து நர்ஸ் கதிரையில உக்காரச் சொல்லுங்க.

கேள்வி: கெட்ட செய்தி சொல்ற ரோல் ப்ளேல எங்க கிளாஸ்ல ஒரு புள்ள தேம்பித் தேம்பி அழுதுட்டா. ரெண்டு மாசத்துக்கு முன்னாலதான் அவங்கப்பா எறந்திருக்கார், எங்களுக்கு யாருக்கும் தெரியாது. டியூட்டர் "நர்ஸ்னா அழக் கூடாது"ன்னு சொல்லிட்டு தொடரச் சொன்னாங்க. (மாணவி, பண்டாரவளை)

பதில்: இதப் படிச்சப்ப எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, ஏன்னா நானும் ஒரு தடவ இதே பிழைய விட்டிருக்கேன், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. என் கிளாஸ்ல புள்ள எறந்து பொறந்த கதைய அட்டையில எழுதிக் குடுத்தேன், அத வாங்கின புள்ளையோட அக்காவுக்கு ஒரு வாரத்துக்கு முன்னால அதுவே நடந்திருக்கு. அவ அழல, கல்லு மாதிரி நடிச்சு முடிச்சா, நானும் பிரமாதம்னு கை தட்டினேன். அடுத்த நாள்ல இருந்து அவ கிளாஸுக்கு வரல, மூணு நாள் கழிச்சுத்தான் எனக்குக் கதை தெரிஞ்சுது.

அன்னையில இருந்து மொத நாளே என்ன கதைன்னு சொல்லிருவேன், நாளைக்கு சாவப் பத்தி, வேணாம்னு நினைக்கிறவங்க காரணம் சொல்லத் தேவையில்ல, எழுதுற ஆளா உக்காருங்க, இல்லாட்டி வெளிய நில்லுங்கன்னு. நடுவுல யாராவது ஒடைஞ்சா நாடகம் அந்த எடத்துலயே முடிஞ்சுது, ஒருத்தி அவ கூடப் போகணும், தனியா விடக் கூடாது, அன்னிக்கு அந்தில டியூட்டர் போய்ப் பாக்கணும். நர்ஸ்னா அழக் கூடாதுன்ற பேச்சுக்கு என்கிட்ட பதில் இல்ல, நான் லினன் ரூம்ல நின்னு எத்தன தடவ அழுதிருக்கேன்னு அந்த வார்ட் செவத்துக்குத்தான் தெரியும். நீ அந்தப் புள்ளையப் போய்ப் பாத்தியா? இன்னிக்கே போ.

கேள்வி: என் மக நர்சிங் படிக்கிறா. லீவுக்கு வீட்டுக்கு வந்தா என்னையப் படுக்க வச்சு, நீங்க நோயாளி நான் நர்ஸ்னு வெளையாடுறா. எனக்கு நெசமாவே சீனி வருத்தம் இருக்கு. போன தடவ பக்கத்துல வந்து உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டு, மாத்திரை எப்பவாச்சும் விட்டுப் போகுதாம்மான்னு கேட்டா. நான் வெளையாட்டுன்னு நெனச்சு உண்மையச் சொல்லிட்டேன். இப்ப தெனமும் போன் எடுத்து உசிர வாங்குறா. இதுக்கு என்ன செய்றது? (லிந்துலை பக்கம் ஒரு தோட்டம்)

பதில்: அக்கா, அந்த அட்டையில இருந்த ரகசியத்த மேல எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க, ஒங்க மக நல்ல டியூட்டர்கிட்ட படிக்கிறா.

நீங்க மாத்திரைய ஏன் விடுறீங்கன்னு எழுதல, ஆனா எனக்கு ஒரு ஊகம் இருக்கு. கிளினிக் நாள்ல போனா பேர் போயிரும், அந்த நாள் சம்பளம் இல்ல, அதனால ஒரு மாச மருந்த ரெண்டு மாசத்துக்கு இழுக்கிறீங்க, இல்லாட்டி வெள்ளனா வெறும் வயித்துல தேத்தண்ணியோட போட்டு வயித்தப் பெரட்டி, அதுல இருந்து விட்டுட்டீங்க. ரெண்டாவதுன்னா சொகமா முடியும், சீனிக்குக் குடுக்கிற மெட்ஃபோமின் சாப்பாட்டோட போடுற மருந்து, ரொட்டி ரெண்டு கடி கடிச்சுட்டுப் போடுங்க, அப்பவும் பெரட்டினா கிளினிக்ல சொல்லுங்க, வேற வகை இருக்கு. மொதலாவதுன்னா மகள்கிட்ட அதயும் சொல்லுங்க. ஒங்களுக்குப் பதிலா வேற ஆள் கொப்பியக் கொண்டு போய் மருந்து எடுக்க விடுவாங்களா, ஒரு தடவ போனா எத்தன மாசத்துக்குத் தருவாங்கன்னு அவ கிளினிக் மிஸ்ஸிகிட்ட கேட்டுச் சொல்லட்டும்.

போன் எடுத்து உசிர வாங்கினா வாங்கட்டும். ஆனா அடுத்த லீவுக்கு வந்தா அவளப் படுக்க வச்சு நீங்க நர்ஸா இருங்க, ஹொஸ்டல்ல ஒழுங்கா சாப்பிடுறியான்னு பக்கத்துல உக்காந்து கேளுங்க.